வலம்புரியா என்று கேட்கும் முன், சங்குதானா என்று பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பக்கத்தில் ரொம்ப காலமாகப் பூட்டிக் கிடந்த ஐயா வீட்டைத் திறந்து, பங்காளிகள் சேர்ந்து சாமான் பிரித்திருக்கிறீர்கள். படைப்புச் சாமான் (முன்னோருக்குப் படையல் போடும் சாமான்) வைத்திருந்த பெட்டியில், துணியில் சுற்றிய ஒரு சங்கு கிடைத்திருக்கிறது. காரைக்குடியில் ஒரு பழம்பொருள் வியாபாரி அதைப் பார்த்து, "அசல் வலம்புரி, லட்சக்கணக்கில் போகும், என்னிடம் கொடுத்து வையுங்கள்" என்றாராம். இன்னொருவர், "இது அமெரிக்கச் சங்கு, காசு பெறாது" என்றாராம். இரண்டில் எது உண்மை, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உங்கள் கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இதுக்குள்ள இருந்த பூச்சி என்னப்பா சாப்பிடும்?" என்று மகள் கேட்கிறாள், அதற்கும் முடிந்தால் பதில் சொல்லுங்கள் என்று. பார்த்தால் விலை பற்றிய கேள்வி போல இருக்கிறது. ஆனால் உள்ளபடி நீங்கள் கேட்பது, இது எந்த உயிரின் ஓடு என்பதைத்தான். மகள் கேட்டதும் அதுதான். அதற்கு விடை தெரிந்துவிட்டால் வியாபாரிகள் இருவரில் யார் சொன்னது சரி என்பதும் தெரிந்துவிடும்.

நான் விலங்கியல் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன். சிப்பி, நத்தை, சங்கு வகைகள்தான் என் தனிப் பாடம். மாணவர்களை அழைத்துக்கொண்டு தொண்டிக் கரையிலும் மண்டபத்திலும் ஓடு பொறுக்கிய பழக்கம் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் சாமி அறையிலிருந்து சங்கை எடுத்து வந்து காட்டி, "இது என்ன சார்?" என்று கேட்பவர்களும் உண்டு. விலை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அந்தப் பக்கம் போகவும் மாட்டேன். ஓட்டைக் கையில் கொடுத்தால் இனம் சொல்ல முடியும். நீங்கள் போட்டிருக்கும் ஒற்றைப் படத்தை வைத்து மட்டும் முடியாது. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியான இடமே அதுதான்.

நாம் சங்கு என்று பூஜையில் வைப்பதும், ஊதுவதும், அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பால் புகட்டியதும் ஒரே இனம். அறிவியலில் அதற்கு டர்பினெல்லா பைரம் என்று பெயர். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, இலங்கைக் கரை, கேரளக் கரை, அந்தமான், குஜராத்தின் கட்ச் வளைகுடா ஆகிய இடங்களில் வாழ்கிறது. நம் தொண்டிக்கு எதிரே இருக்கும் கடலிலும் உண்டு. மணல் தரையில் பாதி புதைந்தபடி ஊர்ந்து திரியும் நத்தை இது. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் முழுக்க வேட்டைக்காரப் பிராணி. மணலுக்குள் குழாய் கட்டிக்கொண்டும் வளை தோண்டியும் வாழ்கிற கடல் புழுக்கள்தான் இதன் இரை. வாய்ப்பகுதி நீண்டு வெளியே வரக்கூடிய ஒரு தும்பிக்கை மாதிரி அமைப்பு. அதை மணலுக்குள் செலுத்திப் புழுவைப் பிடித்து விழுங்கும். ஓட்டின் ஒரு முனை வால் மாதிரி நீண்டு, நடுவில் வாய்க்கால் ஓடுகிறதே, அது தீர்த்தம் ஊற்றுவதற்காக அமைந்தது போல நமக்குத் தோன்றும். உயிரோடு இருக்கும்போது அதன் வழியாகத்தான் ஒரு தசைக்குழாய் வெளியே நீண்டு கடல்நீரை உள்ளே இழுக்கும். நீரில் கரைந்து வரும் வாசனையை வைத்தே இரை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளும். ஆகவே மகளிடம் தயங்காமல் சொல்லலாம்: இது பாசி தின்னும் பிராணி இல்லை, புழு வேட்டையாடும் பிராணி. பூச்சியும் இல்லை, நத்தை.

ஓடு எப்படி உண்டாகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடையாளம் காண்பது முழுக்க அதில்தான் இருக்கிறது. நத்தையின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் மடிப்பு சுண்ணாம்புச் சத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். வாய் விளிம்பில் புது ஓடு சேரச் சேர, பழையது சுருண்டு பின்னால் போகும். அதனால் சங்கின் சுருள் நுனியில் இருப்பது அது குட்டியாக இருந்தபோது கட்டியது, வாய் விளிம்பு கடைசியாகக் கட்டியது. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு தண்டு ஓடும். சுருள் எல்லாம் அந்தத் தண்டைச் சுற்றித்தான். உயிருள்ள சங்கின் மேல் பழுப்பு நிறத்தில் தடித்த ஒரு தோல் போர்த்தியிருக்கும். நாம் பார்க்கும் வெள்ளை, அந்தத் தோலைச் சுரண்டி எடுத்துத் தேய்த்த பிறகு வருவது. கடலிலிருந்து எடுத்த சங்கைப் பார்க்காதவர்கள் முதல் தடவை பார்த்தால் இதுவா சங்கு என்றுதான் கேட்பார்கள்.

இனி வலம்புரிக்கு வருவோம். சங்கின் சுருள் நுனி கீழேயும் வால் முனை மேலேயும் இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். சாதாரணச் சங்கில் வாய் உங்கள் இடப்பக்கம் இருக்கும், அது இடம்புரி. வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. நம் மரபு இப்படிப் பிடித்துத்தான் பெயர் வைத்திருக்கிறது. விலங்கியல்காரர்கள் தலைகீழாக, சுருள் நுனியை மேலே வைத்துப் பார்ப்பார்கள். அதனால் நம் வலம்புரியை அவர்கள் இடச்சுருள் என்று எழுதுவார்கள். இணையத்தில் தேடிப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இந்த ஒரு இடத்தில்தான் குழம்புகிறார்கள். எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டால் குழப்பமில்லை.

சங்கினத்தில் வலம்புரி மிக மிக அரிது. இது உறுதி. ஆயிரம் இப்பி (சிப்பி) சூழ ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலம் சூழ ஒரு பாஞ்சசன்னியம் என்று நம்மிடம் ஒரு பழைய வரிசை உண்டு. அது மரியாதையின் வரிசை, கடல் கணக்கு இல்லை. ஆயிரத்துக்கு ஒன்று கிடைக்கும் என்றால் ஒரு பருவத்துச் சங்கு குளிப்பிலேயே கூடை நிறைய வந்திருக்கும். அப்படி வந்ததே இல்லை. வலம்புரி கிடைத்தால் அந்தக் கரையே பேசும் அளவுக்கு அரிதாகத்தான் எப்போதும் இருந்திருக்கிறது. திருவிதாங்கூர் அரசு தன் சின்னத்தில் வைத்துக்கொண்டதும், இன்று கேரள அரசுச் சின்னத்தில் அது இருப்பதும் அந்தப் பெருமையால்தான். நம் கோயில்களில் கார்த்திகை சோமவாரச் சங்காபிஷேகத்துக்கு நூற்றெட்டோ ஆயிரத்தெட்டோ இடம்புரிகளைப் பரப்பி வைத்து, இருக்கிற ஒரு வலம்புரியை நடுவில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஏன் இப்படி எதிர்ப்பக்கம் சுருள்கிறது? நத்தைகளில் இதைக் குளத்து நத்தையை வைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கரு எட்டு செல்லாகப் பிரியும் கட்டத்திலேயே எந்தப் பக்கம் சுருள்வது என்பது வெளியே தெரிந்துவிடும். அதைத் தீர்மானிப்பது குஞ்சின் சொந்த மரபணு இல்லை, தாயின் மரபணு. 2019-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் குளத்து நத்தையில் ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, வலச்சுருள் வம்சத்தில் இடச்சுருள் குஞ்சுகளைப் பிறக்க வைத்தார்கள். இது நிரூபணமானது. ஆனால் அதே காரணம்தான் நம் சங்கிலும் என்று அடித்துச் சொல்வதற்கு இல்லை. 2016-ல் லண்டனில் ஒரு குப்பைக் குழியில் எதிர்ச்சுருள் தோட்டத்து நத்தை ஒன்று கிடைத்து, ஜெரமி என்று பெயர் வைத்து, அதற்கு ஜோடி தேடி ஊரெல்லாம் செய்தி போட்டார்கள். ஜோடி கிடைத்துக் குஞ்சும் பொரித்தது. குஞ்சுகள் அத்தனையும் சாதாரணச் சுருள்தான். அது பரம்பரையாக வந்தது இல்லை, கரு வளர்ச்சியில் நேர்ந்த ஒரு தற்செயல் என்றே பின்னர் முடிவுக்கு வந்தார்கள். ஆகவே யாராவது வலம்புரியைப் பண்ணையில் வளர்த்து விற்கிறோம் என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, அமெரிக்கச் சங்குக்கு வருவோம். உங்கள் இரண்டாவது வியாபாரி சொன்னது வெறும் பேச்சு இல்லை. அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் வாழும் ஒரு வேட்டை நத்தை அது. லைட்னிங் வெல்க் என்பார்கள், மின்னல் நத்தை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். இளம் ஓட்டின் மேல் நெளிநெளியாகப் பழுப்புக் கோடுகள் ஓடும், அதனால் அந்தப் பெயர். பூசிகான் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள், இப்போது தனிப் பேரினமாகப் பிரித்திருக்கிறார்கள். 1987-ல் டெக்சஸ் மாநிலம் இதைத் தன் மாநில ஓடாக அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த இனத்தில் அநேகமாக எல்லாமே பிறவியிலேயே வலம்புரிப் பக்கம் சுருண்டவை. நம் சங்கில் எது அபூர்வமோ, அது அங்கே வழக்கம். அங்கே இடம்புரியாகச் சுருண்ட ஒன்று கிடைத்தால்தான் அதிசயம். ஆக, கரையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஓட்டை வாங்கி, தோள்பட்டையில் உள்ள புடைப்புகளைத் தேய்த்து, மெருகேற்றி இங்கே கொண்டுவந்தால், திசையை மட்டும் பார்க்கிறவருக்கு அது வலம்புரிதான்.

இந்த நத்தையையும் மட்டமாக நினைக்க வேண்டாம். அது வேட்டையாடுவதைக் கேட்டால் மகளுக்குப் பிடிக்கும். அதன் இரை, இரட்டை ஓட்டுச் சிப்பிகள். சிப்பியைத் தன் பாதத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் ஓட்டின் வாய் விளிம்பையே ஆயுதமாக வைத்து, சிப்பியின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். ஓர் இடுக்கு விழுந்ததும் விளிம்பை அதில் நுழைத்து நெம்பி, வாய்க்குழலை உள்ளே விட்டு சதையைத் தின்னும். இதில் அதன் சொந்த ஓடும் உடையும், பிறகு அது திரும்பக் கட்டிக்கொள்ளும். தேய்த்து மெருகிடாத ஓடாக இருந்தால், வாய் விளிம்பை ஒட்டி உடைந்து வளர்ந்த தழும்புக் கோடுகளை விரலால் தடவியே உணரலாம். அந்த மண்ணின் பழங்குடி மக்களும் இதைப் புனிதமாகவே வைத்திருந்தார்கள். ஓட்டைக் கிண்ணமாக வெட்டிச் சடங்குப் பானம் குடித்தார்கள், மேலே உருவங்கள் செதுக்கினார்கள், மணியாக்கிக் கடலே இல்லாத உள்நாடுகள் வரை பண்டமாற்றுச் செய்தார்கள். அந்த எதிர்ச்சுருளுக்கே அவர்களிடம் தனிப் பொருள் இருந்திருக்கும் என்று தொல்லியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். இது ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம். அதனால் அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது அசல் ஓடு, வேறு கடலின் வேறு நத்தையுடைய ஓடு. அதை நம் சங்கு என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு சோதனை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கையில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு, சங்கின் வாய்க்குள் அடியுங்கள். உள்பக்கத்தில் நடுத்தண்டு தெரியும். நம் சங்காக இருந்தால் அந்தத் தண்டின் மேல் குறுக்காக மூன்று அல்லது நான்கு தடித்த வரம்புகள் எழும்பி, திருகாணியின் மரை போலச் சுற்றிக்கொண்டு உள்ளே போவதைப் பார்க்கலாம். சுண்டுவிரலை விட்டால் தட்டுப்படும், சந்தேகமே வராது. மின்னல் நத்தையில் இந்த வரம்பு வரிசை கிடையாது. தண்டு வழுவழு என்று இருக்கும், மிஞ்சிப் போனால் மங்கலாக ஒரு மடிப்பு தெரியும். இந்த வரம்புகள் எதற்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உடலை உள்ளே இழுக்கும் தசைக்குப் பிடிமானம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், அதைச் சோதித்துப் பார்த்து மறுத்தவர்களும் உண்டு. எதற்காக இருந்தாலும் அடையாளத்துக்கு இதைவிட நல்லது இல்லை. வெளியே என்னதான் தேய்த்தாலும், மெருகிட்டாலும், சாயம் பூசினாலும், உள்ளே சுற்றிப் போகும் வரம்பைப் புதிதாக உண்டாக்கிவிட முடியாது.

அடுத்தது கனம். நம் சங்கு கையில் எடுத்ததும் பாரம் தெரியும். சுவர் தடிப்பு, பீங்கான் மாதிரி அடர்த்தி. வங்காளத்துச் சங்கு வளையல் அறுப்பதற்கு இந்த இனமே வேண்டும் என்று நூற்றாண்டுக் கணக்காக நம் கரையிலிருந்து வாங்கிப் போனது இந்தத் தடிப்புக்காகத்தான். மின்னல் நத்தை ஓர் அடிக்கு மேல்கூட வளரும், ஆனால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்காது, விளிம்பு மெல்லியது. வடிவமும் உதவும். சங்கு நடுவில் பருத்து உருண்டு, மெதுவாக வால் பக்கம் குறுகும். மற்றது தோள் அகன்று, சுருள் பகுதி தட்டையாக, வால் நீண்டு நேராக இறங்கும். தோளில் வரிசையாக முட்டுகள். தேய்த்திருந்தாலும் முட்டு இருந்த இடம் லேசாகக் கோணலாகத் தெரியும். ஆனால் கனமும் வடிவமும் பார்த்துப் பழகிய கைக்குத்தான் சொல்லும். ஒரு சாதாரண இடம்புரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நல்லது கெட்டது இரண்டுக்கும் சங்கு ஊதுகிற ஊர் நம்முடையது, அக்கம்பக்கத்தில் கேட்டால் கிடைக்காமலா போகும்?

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது: அச்சில் வார்த்தது. பிசினும் மார்பிள் தூளும் கலந்து வார்த்து, மேலே பளபளப்புக் கொடுக்கிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். அசல் ஓட்டில் வாய் விளிம்புக்கு இணையாக மெல்லிய வளர்ச்சிக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. வார்த்ததில் கோடு இருக்காது, இருந்தாலும் உயிரில்லாமல் ஒரே சீராக இருக்கும். அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் தையல் மாதிரி ஒரு கோடு, அங்கங்கே ஊசிமுனைக் காற்றுக்குமிழிப் பள்ளங்கள். அமிலச் சொட்டு விட்டால் நுரைக்கும், அதுதான் அசலுக்குச் சோதனை என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மார்பிள் தூளும் நுரைக்கும், மின்னல் நத்தையும் நுரைக்கும். உங்கள் சங்கில் அழியாத வடு விழுவது ஒன்றுதான் மிச்சம். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். பெட்டியில் ஐயா காலத்திலிருந்து இருப்பது உறுதி என்றால், பிசின் வார்ப்பாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அரிசிக் குவியலில் ஓர் இரவு வைத்தால் அரிசி மேலே பொங்கும், தண்ணீர் ஊற்றினால் வலமாகச் சுழன்று வரும், காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும் என்றெல்லாம் வியாபாரி செய்து காட்டியிருப்பார். காதில் கேட்பது, சுற்றியிருக்கும் சத்தங்களில் அந்த உள்கூட்டின் அளவுக்கு ஒத்ததை ஓடு பெரிதாக்கிக் கொடுப்பது. எந்தச் சுருள் ஓட்டிலும் கேட்கும், ஒரு செம்பைக் காதில் வைத்தாலும் ஓரளவு கேட்கும். தண்ணீர் சுழல்வது ஊற்றுகிற கையைப் பொறுத்தது. இவற்றை நம்பிக்கையாக வைத்திருப்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, அது அவரவர் வழிபாடு. ஆனால் இனம் பிரிக்க இவற்றில் ஒன்றும் உதவாது, பணம் கைமாறும் இடத்தில் இவற்றைச் சான்றாக வைத்துக்கொள்ளவே கூடாது.

இப்போது உங்கள் படம். பித்தளைத் தட்டில் சங்கை வைத்து, மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். வாய் பாதிதான் தெரிகிறது, தண்டு தெரியவே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், படத்தில் எழுத்து எதுவும் இல்லை. கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்களில் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிப் பதிவாகும். ஒரே ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தைத் திருப்பவும் முடியும். திருப்பிய படத்தில் எந்த இடம்புரியும் வலம்புரிதான். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இணையத்தில் வலம்புரி என்று விற்பனைக்கு வரும் படங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தினத்தாளை விரித்து வைத்து எடுக்கச் சொன்னால் போதும், எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே வரம்புகள் அழகாகத் தெரியும், வார்ப்பாக இருந்தால் உட்சுருளின் லட்சணமே வேறாக இருக்கும். அங்கேயும் இதே எச்சரிக்கை: எக்ஸ்ரே பிலிமை எந்தப் பக்கமாகவும் பிடிக்கலாம். எடுக்கும்போதே ஒரு பக்கத்தில் உலோக எழுத்தை வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் பழைய சாமான்களோடு இருந்தது என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் உறுதியானது கொஞ்சம், ஊகம் நிறைய. பழமை தெரியும், இனம் தெரியாது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, கல்கத்தா என்று நம் ஊரார் கடை வைக்காத துறைமுகம் குறைவு. கல்கத்தா சங்கு வளையல் தொழிலின் பெரிய சந்தை. நம் தொண்டிக் கடலில் எடுத்த சங்கு கல்கத்தாவுக்குப் போய், அங்கே ஒரு செட்டியார் அதை வாங்கி மறுபடி தேவகோட்டைக்கே கொண்டுவந்திருக்கவும் முடியும். அதேபோல் எந்தத் துறைமுகத்திலும் கப்பல்காரர்கள் கொண்டுவந்த வெளிநாட்டு ஓடு கைக்குக் கிடைத்திருக்கவும் முடியும். ஐயா எங்கே தொழில் பார்த்தார், கணக்குப் பேரேட்டிலோ சீர் சாமான் பட்டியலிலோ சங்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். நம் வீடுகளில் சாமான் பட்டியல் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அப்படி ஒரு வரி கிடைத்தால் அது சங்கோடு சேர்த்து வைக்க வேண்டிய ஆவணம். ஆனால் பட்டியலில் வலம்புரி என்று எழுதியிருந்தாலும், எழுதியவர் திசையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார், வாய்க்குள் பார்த்திருக்க மாட்டார்.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தினக்கல் சோதிக்கும் சில கூடங்கள் சங்குக்கும் அட்டை போட்டுக் கொடுக்கின்றன. அதில் "இயற்கையான வலம்புரி ஓடு" என்று மட்டும் இருந்தால் அது பொய் இல்லை, ஆனால் உங்களுக்கு உதவாது. மின்னல் நத்தையும் இயற்கையான வலம்புரி ஓடுதானே. டர்பினெல்லா பைரம் என்ற இனப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதித் தர மறுத்தால், மறுத்ததையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாமல் விவரம் தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டுமானால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. இன்னும் பக்கத்தில், அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் துறை இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, சங்கைப் பஞ்சில் பொதிந்து எடுத்துப் போங்கள். விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை, இனம் சொல்வார்கள்.

ஒருவேளை உள்ளே வரம்புகள் இருந்து, வாயும் வலப்பக்கம் இருந்தால், உங்கள் கையில் இருப்பது மிகப் பெரிய விஷயம். அப்போது அதைத் தேய்க்கவோ மெருகிடவோ, ஊதுவதற்காகச் சுருள் நுனியை வெட்டவோ விடாதீர்கள். அந்த நுனியில்தான் முட்டைக் கூட்டுக்குள் இருந்தபோது கட்டிய முதல் சுருள் இருக்கிறது. இந்தச் சங்கு கடலில் மிதக்கும் லார்வாவாக வாழ்வதில்லை. பெண் சங்கு கொம்பு வடிவில், அறை அறையாகப் பிரித்த ஒரு முட்டைக் கூட்டை மணலில் ஊன்றி வைக்கும். குஞ்சுகள் அதற்குள்ளேயே ஓடு கட்டிக்கொண்டு, ஊர்ந்தபடி வெளியே வரும். பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போகாத பிராணி. ஒரு படுகையில் மொத்தமாக அள்ளிவிட்டால் அங்கே திரும்ப நிரம்புவதற்கு நெடுங்காலம் ஆகும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே அளவு வளையம் வைத்து, வளையத்துக்குள் நுழையும் சின்னச் சங்கைத் திரும்பக் கடலில் விடச் சொன்னார்கள். இன்று இழுவை வலைகள் அந்த மணல் தரையையே வாரிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வலம்புரி விலையைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் பத்தில் ஒருவராவது அது வாழும் மணலைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கும்.

வரம்புகள் இல்லை, தண்டு வழுவழுப்பு, தோளில் முட்டின் சுவடு என்றால், அது மின்னல் நத்தை. லட்சக் கணக்கை மறந்துவிடலாம். ஆனால் ஐயா துணியில் சுற்றி வைத்துக் கும்பிட்டது அதையேதான் என்றால், சாமி அறையிலிருந்து எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் வீட்டார் கூடி முடிவு செய்ய வேண்டியது. வரம்பு இருந்து வாய் இடப்பக்கம் இருந்தால், பழைய நல்ல இடம்புரி. நம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான்.

நாளைக் காலையில் வெளிச்சம் வந்ததும் மூன்று படம் எடுத்துப் போடுங்கள். அன்றைய தினத்தாளின் மேல் வைத்து, சுருள் நுனி கீழே, வாய் முழுக்கத் தெரியும்படி ஒன்று. டார்ச் அடித்து வாய்க்குள் தண்டு தெரியும்படி ஒன்று. சுருள் நுனியை நேராகப் பார்த்தபடி ஒன்று, பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். மூன்றும் பின்பக்கக் கேமராவில். வீட்டில் தராசு இருந்தால் எடையையும் எழுதுங்கள். படம் தெளிவாக இருந்தால் இனம் வரைக்கும் என்னால் சொல்ல முடியும். அதுவரை எந்த வியாபாரியிடமும் "இரண்டு நாள் இருக்கட்டும்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்கு வந்து, பங்காளிகள் இருக்கும்போது பார்க்கட்டும். முன்பணம் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.